காயத்துக்கு வைத்த சிவப்பு

சிவப்பு சரியாக வரவில்லை.

ஜெயரூபினி இரத்தம் பார்க்காதவள் அல்ல. முல்லைத்தீவுக் கரையில் அவளுடைய வயதுக்காரர் எவரும் அதைப் பார்க்காதவர் அல்ல. ஆனால் சண்டைக்குள் உயிர் தப்ப ஓடிய அந்த ஓட்டத்தில் யார் நிறத்தைக் கவனித்தார்கள்? இப்போது ஆறுதலாக உட்கார்ந்து அதைக் குழைத்து எடுக்க வேண்டி வந்தபோதுதான், தனக்கு அது தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்தது.

விசயம் இதுதான். பெரிய வெள்ளிக்கிழமை பீடத்துக்கு முன்னால் கிடத்தி, ஊரே வந்து பாதத்தில் உதடு வைத்து முத்தி செய்கிற ஆண்டவரின் பாடுபட்ட சுரூபத்தை அலுமாரியிலிருந்து இறக்கும்போது கோயில்காரர் கை நழுவ விட்டுவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் உதிர்ந்துபோயின. நீர்கொழும்பிலிருந்து புதுச் சுரூபம் வர உயிர்த்த ஞாயிறு தாண்டிவிடும் என்றார்கள். அப்போதுதான் ஃபாதருக்கு ஜெயரூபினியின் ஞாபகம் வந்தது. வருசா வருசம் யேசு பிறந்த நத்தாருக்குப் பாலன் குடில் செய்பவள் அவள்தான். சீமெந்துப் பைக் கடதாசியைக் கசக்கிப் பசையில் தோய்த்து, ஈரம் காய முன்னரே அதன்மேல் நிறப்பொடிகளைத் தூவி, அவள் எழுப்புகிற மலைக்குகையைப் பார்க்க அடுத்த பங்கிலிருந்தெல்லாம் சனம் வரும். சிப்பி, தென்னம்பாளை, மரத்தூள், அறுந்த வலைத்துண்டு என்று கரையில் ஒதுங்குகிற எதையும் அவள் விட்டுவைப்பதில்லை. எல்லாவற்றையும் ஒட்டி, எல்லாவற்றுக்கும் பொடி பூசி, ஒரே உடம்பாக்கிவிடுவாள்.

"கால் மட்டும்தான் ரூபி. உம்மாலை ஏலும்," என்றார் ஃபாதர்.

உள்ளுக்குள் துள்ளிக் குதித்துக்கொண்டு, வெளியில் மட்டும், "பாப்பம் ஃபாதர்," என்று தலையைக் குனிந்தாள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டால் அதை ஒரு பாரம்போல முகத்தில் வைத்துக்கொள்ளுவோம்.

கால்களைச் செய்வது அவளுக்குப் பெரிய வேலையாக இருக்கவில்லை. கம்பியை வளைத்து எலும்பாக்கினாள். மரத்தூளையும் கோதுமைமாப் பசையையும் பிசைந்து அதன்மேல் சதையாக வைத்தாள். மருந்து கட்டுகிற வலைத்துணியைச் சுற்றி, கடதாசி ஒட்டி, அரத்தாளால் தேய்த்தாள். ஆணி அடித்த காயம் மேல் பாதத்தில் வரவேண்டும். வலது கால் இடது காலின்மேல் ஏறிக் கிடக்கும் சுரூபம் அது. அந்த இடத்தைக் குழியாகத் தோண்டினாள். சுண்ணாம்பு வெள்ளைக்குள் கொஞ்சம் மஞ்சள் பொடியும் சிவப்பு ஒக்சைட்டும் சேர்த்துத் தோலின் நிறம் எடுத்தாள். உடம்பின் பழைய நிறத்தோடு அது அப்படியே பொருந்தியது. அவளுடைய புருசன் ஜெனோசன் கடலிலிருந்து வந்து பார்த்துவிட்டு, ஒட்டின இடம் எங்கேயென்று தேடினான்.

குழப்பம் அந்தக் குழிக்குள்தான். முள்ளியவளைக் கடையில் சீமெந்துத் தரைக்கு விற்கிற சிவப்பு ஒக்சைட் செங்கல்லாகக் கிடந்தது. கொழும்பிலிருந்து எடுப்பித்த பளிச்சென்ற சிவப்புப் பொடியைப் போட்டால் பிளாஸ்ரிக் வாளி. அதற்குள் கறுப்பைக் கலந்தால் சேறு. நீலத்தைக் கொஞ்சம் கலந்தால் நாவற்பழம். ஒரு பலகைத் துண்டு முழுக்கப் பொட்டுப் பொட்டாகச் சிவப்பை வைத்துப் பார்த்து, ஒன்றுகூடக் காயமாகத் தெரியாமல், எரிச்சலில் பலகையைக் கொட்டிலின் மூலைக்குள் எறிந்தாள்.

பிறகுதான் சூசைப்பிள்ளையரின் கால் நினைவுக்கு வந்தது.

சூசைப்பிள்ளையர் நாலு வளவு தள்ளி இருக்கிறவர். நல்ல காலத்தில் இரண்டு வள்ளம் வைத்திருந்தவர். வலை இழுக்கும்போது கெளுத்தி முள் ஒன்று வலது மேல் பாதத்தில் ஏறியது. வேறு யாருக்கென்றால் ஒரு கிழமையில் ஆறிப்போகிற காயம். அவருக்குச் சீனி வருத்தம். அது ஆறாமல், பெருத்து, ஆழப்பட்டு, இப்போது கணுக்காலோடு எடுத்துவிட வேண்டும் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். உயிர்த்த ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை வவுனியாவில் போய்ப் படுக்க வேண்டும். ஊரில் எல்லாரும் அவருக்காக இரக்கப்பட்டார்கள். ஆனால் படலையில் நின்றுதான் இரக்கப்பட்டார்கள். உள்ளே போனால் மணம் தாங்க முடியாது.

ஜெயரூபினி ஒரு கட்டு முருங்கையிலையும் நாலு முட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். சீனி வருத்தக்காரருக்கு விசுக்கோத்தா கொண்டுபோவது? சூசைப்பிள்ளையரின் மனைவி ஞானமலர் காலைக் கழுவி மருந்து கட்டுகிற நேரமாகப் பார்த்துத்தான் போனாள். அது தற்செயல் அல்ல.

"வா பிள்ளை, வா. மணக்கும், அங்காலை கதிரையிலை இரு," என்றாள் ஞானமலர்.

"பரவாயில்லை மாமி. நான் இஞ்சை கிட்ட இருக்கிறன்."

முக்காலியை இழுத்துப் போட்டுக் காலடியிலேயே இருந்தாள். ஞானமலரின் நிழல் விழுந்தபோது, "கொஞ்சம் தள்ளி இருங்கோ மாமி, மாமாவுக்குக் காத்துப் படட்டும்," என்றாள். காற்றுக்காக அல்ல, வெளிச்சத்துக்காக. காயம் திறந்து கிடந்தது. அது ஒரு சிவப்பு அல்ல, நாலு சிவப்பு. நடுவில் ஈரமாக, உயிரோடு ஒரு நிறம். அதைச் சுற்றி மங்கிப்போன ஒன்று. விளிம்பில் கறுத்த உதடு. அதற்கு வெளியே வீங்கிய தோலில் ஒரு மஞ்சள் வளையம். சின்னவிரல் பக்கமாக ஒரு வெடிப்பு, வரால் மீனின் வாய்போலக் கோணலாக இழுபட்டுப் போனது. ஜெயரூபினி மூக்கைச் சுழிக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. மணம்கூட அவளுக்குத் தெரியவில்லை. "நோகுதோ மாமா?" என்று இரண்டு தரம் கேட்டாள். மறுமொழியைக் கேட்டதாக ஞாபகமில்லை.

மறந்துபோக முன்னர் குழைத்துவிட வேண்டும் என்று அரை ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குச் சிவப்பு வந்தது. பொடியை விரலில் தொட்டு, உலர்ந்தபடியே அடுக்கடுக்காக வைத்தாள். ஈரம் தெரியவேண்டிய நடுவில் முத்துப்போல மினுங்கும் பொடியை ஊதிவிட்டாள். பசையில் ஊறிய மெல்லிய தாளை உருட்டிக் கறுத்த உதட்டை வைத்தாள். சின்னவிரல் பக்கத்து வெடிப்பை வைக்கும்போது ஒரு கணம் கை நின்றது. அது ஆணிக் காயத்துக்கு வேண்டியதல்ல. ஆனால் அது இல்லாமல் காயம் காயமாகத் தெரியவில்லை. வைத்தாள். வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கு அப்படியொரு சந்தோசம். இதுவரை செய்த எந்தக் குடிலுக்கும் வராத சந்தோசம்.

பொடி கையில் ஒட்டாமலிருக்க அரக்குப் பொலிஷ் பூசினாள். வாணிஷ் பூசியிருந்தால் பொம்மைபோலப் பளபளத்திருக்கும். அரக்கை ஸ்பிரிற்றில் கரைத்து மெல்லிசாகப் பூசினால் தோல் தோலாகவே இருக்கும். காய்ந்தபின் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். தன் உதட்டையே வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஃபாதர் நெடுநேரம் அந்தக் காயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாக்க ஏலாமல் கிடக்கு ரூபி," என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

பெரிய வெள்ளி பின்னேரம் கோயில் நிரம்பி வழிந்தது. பாடுகளின் வாசகம் முடிந்து, சுரூபத்தைப் பாய்மேல் வெள்ளைத் தலையணையில் கிடத்தினார்கள். பக்கத்தில் வஸ்தியாம்பிள்ளை மூப்பர் துவாயோடு முழந்தாளில் இருந்தார். ஒருவர் முத்தி செய்து எழும்ப அவர் துடைப்பார், அடுத்தவர் குனிவார். முந்தி எல்லாம் துவாயின் மூலையில் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் கொஞ்சம் தெளிப்பது வழக்கம். கொரோனாவுக்குப் பிறகு மூப்பர் துவாயை ஓடிக்கொலோனில் தோய்த்துப் பிழிகிற நிலைக்கு வந்துவிட்டார். எங்களுக்குப் பெரிய வெள்ளி என்றாலே அந்த மணம்தான். ஜெயரூபினியும் கைக்குழந்தையாக இருந்தபோதே அந்த மணத்தோடு அந்தப் பாதத்தில் உதடு வைத்தவள். தண்ணீரில் பார்த்தாள், எச்சிலில் பார்த்தாள், இதை மட்டும் நினைக்கவில்லை. அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிற்றில்தான். ஓடிக்கொலோனில் பாதிக்குமேல் அதுதானே இருக்கிறது?

முதலில் போனவர்களுக்கு ஒன்றும் இல்லை. பிறகு ஒரு பெண் முத்தி செய்துவிட்டு எழும்பித் திரும்பியபோது அவளுடைய கீழுதட்டில் சிவப்பு இருந்தது. பெரிய வெள்ளிக்குப் பூச்சுப் பூசிக்கொண்டா வருவது என்று ஜெயரூபினி நினைத்தாள். அதற்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளை. பிறகு வெள்ளை வேட்டி கட்டிய ஒரு கிழவர், மீசை நுனியில் சிவப்போடு. அப்போதுதான் அவளுக்கு ஓடிக்கொலோன் மணம் சுரீரென்று மூக்கில் ஏறியது.

எழும்பிப் போயிருக்க வேண்டும். நாலு எட்டு வைத்தால் மூப்பரின் காதில் சொல்லிவிடலாம், "ஐயா, காஞ்ச துணியாலை துடையுங்கோ" என்று. அவ்வளவுதான் வேலை. ஆனால் கோயில் முழுக்க அந்தக் காலைப் பற்றித்தான் கதை. ஆண்கள் பக்கம் ஜெனோசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான். இத்தனை பேருக்கு முன்னால் போய், என் வேலை கரைகிறது என்று எப்படிச் சொல்லுவது? முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்து முகத்தை மறைத்தாள். வரிசை முடியப்போகிறதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வரிசை வாசல்வரை நின்றது.

மூப்பர் துவாயைத் திருப்பிப் பார்த்தார். துவாய் சிவந்துபோயிருந்தது. அவர் பாதத்தைப் பார்த்தார். காயத்திலிருந்து ஒரு கோடு வழிந்து தலையணையில் இறங்கிக்கொண்டிருந்தது. மூப்பரின் வாய் திறந்தபடியே நின்றது.

"இரத்தம்!" பெண்கள் பக்கமிருந்துதான் குரல் வந்தது. "ஆண்டவரின்ரை காலிலை இரத்தம் வருகுது!"

அதற்குப் பிறகு வரிசை என்று ஒன்று இருக்கவில்லை. அழுகை, கும்பிடு, தள்ளுமுள்ளு. கைலேஞ்சியில், சேலைத் தலைப்பில், பிள்ளைகளின் நெற்றியில் சிவப்பு. ஃபாதர் ஒலிவாங்கியில் அமைதி, அமைதி என்று கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அந்த நெரிசலுக்குள் ஞானமலர் இரண்டு பெடியளைக் கொண்டு சூசைப்பிள்ளையரைக் கதிரையோடு தூக்குவித்துப் பீடத்தடிக்கு வந்துவிட்டாள். குனிந்து பாதத்தைப் பார்த்தவள் அப்படியே குந்திவிட்டாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள் புருசனைப் பார்த்து. "இது உங்கடை காயம். அதே இடம். சின்னவிரல் பக்கம் போற வெடிப்பையும் பாருங்கோ. உங்கடை காயத்தை அவர் எடுத்திட்டார்!"

சனம் ஒருகணம் அடங்கியது. எல்லாருடைய கண்ணும் சுரூபத்தின் காலுக்கும் கட்டுப்போட்ட காலுக்கும் இடையே போய்ப் போய் வந்தது. ஞானமலர் தன் சேலைத் தலைப்பால் பாதத்தை ஒற்றி எடுத்து, கட்டை நெகிழ்த்தி, அந்தச் சிவப்பைப் புருசனின் காயத்தில் வைத்து அழுத்தினாள். சூசைப்பிள்ளையர், சூறாவளிக்குள் வள்ளம் விட்ட மனிசன், பிள்ளைபோல விம்மி விம்மி அழுதார். ஜெயரூபினி தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நிலம் பிளந்தால் நல்லது என்று சும்மா சொல்லுவார்கள். அவள் உண்மையாகவே நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெனோசன் படலையைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தான். அவனுடைய உதட்டிலும் மங்கலாகச் சிவப்பு இருந்தது.

"உன்ரை பொடிதானே?"

ஓமென்று தலையை ஆட்டினாள்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை. எவ்வளவு காலத்துக்குப் பிறகு சனம் ஒண்டா நிண்டு அழுதது. உனக்கென்ன நட்டம்?"

"வாயைத் துடையுங்கோ," என்றாள் அவள். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. ஒருசந்தி நாள் என்பதால் யாரும் ஏனென்று கேட்கவுமில்லை.

சனிக்கிழமை காலையில், சிவப்பைப் பொட்டுப் பொட்டாக வைத்துப் பார்த்த பலகைத் துண்டை மூலையிலிருந்து தேடி எடுத்தாள். கடைசியாகச் சரிவந்த சிவப்பையும் திரும்ப அதிலேதான் வைத்துப் பார்த்திருந்தாள்; அது ஓரத்தில் அரக்குப் பூசியபடி இருந்தது. அதையும் ஒரு போத்தல் ஓடிக்கொலோனையும் பையில் போட்டுக்கொண்டு ஃபாதரிடம் போனாள். பஞ்சை நனைத்துப் பலகையில் தேய்த்துக் காட்டினாள். பஞ்சு சிவந்தது. ஃபாதர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் நேற்றே மணந்து பாத்தனான்," என்றார். "எனக்கும் சாடையாத் தெரியும். ஆனா கோயில் சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது எண்டு தெரியேல்லை."

"நான் பிந்திக் காணேல்லை ஃபாதர். அப்பவே கண்டிட்டன். கண்டும் பேசாமல் நிண்டனான்."

நாளைக்குப் பூசையில், பூச்சுக் கரைந்த விசயத்தைத் தானே சொல்லிவிடுவதாக ஃபாதர் சொன்னார். "உம்மடை பேர் சொல்லமாட்டன்," என்றார். அவளுக்கு மூச்சு வந்தது. இவ்வளவு லேசாக முடிந்துவிடும் என்று அவள் நினைக்கவில்லை.

ஆனால் அவர் முடிக்கவில்லை.

"சூசைப்பிள்ளையர் திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாராம். ஓட்டோக்காரனை வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டார். காலையில போனனான், என்ரை கதையைக் கேக்கிறார் இல்லை. பூச்சு எண்டு சொல்லியும் பாத்திட்டன். ஞானமலர் என்னை விசுவாசம் இல்லாத சாமி எண்டு பேசி விட்டுட்டா." அவர் பலகைத் துண்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "நாள் பிந்தினா கால் மட்டும் போகாது, ஆள் போயிடும் எண்டு டொக்டர் எனக்கே சொன்னவர். நீர் போய்ச் சொல்லும். செய்த ஆள் சொன்னாத்தான் கேப்பினம்."

நாலு வளவு தூரம். அவள் இரண்டு தரம் நின்று நின்று போனாள்.

சூசைப்பிள்ளையரின் வீட்டில் என்றைக்கும் இல்லாத கலகலப்பு. படலையில் நின்று இரக்கப்பட்டவர்கள் இன்றைக்கு உள்ளே வந்து, கட்டிலைச் சுற்றி இருந்து செபமாலை சொல்லிவிட்டு இப்போதுதான் போயிருந்தார்கள். விறாந்தையில் மெழுகுதிரி எரிந்தது. சூசைப்பிள்ளையர் முகம் மழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுத் தலையணையில் சாய்ந்திருந்தார். கட்டை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் ஆண்டவரின் இரத்தம் போய்விடும் என்று நேற்றிலிருந்து காயத்தைக் கழுவவும் இல்லை. மணம் முந்தியதைவிடக் கூடியிருந்தது. இந்தத் தரம் அது ஜெயரூபினிக்கு நன்றாகத் தெரிந்தது.

"வா பிள்ளை!" ஞானமலர் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். "உன்ரை கையாலையெல்லோ ஆண்டவர் செய்விச்சவர். நீ குடுத்து வைச்சனீ."

ஜெயரூபினி பையிலிருந்து பலகையை எடுத்தாள். பஞ்சை நனைத்தாள். ஓடிக்கொலோன் நிலத்தில் சிந்தியது.

"மாமி, இதைப் பாருங்கோ. மாமா, நீங்களும் பாருங்கோ." தேய்த்தாள். "இது நான் வைச்ச பொடி. அரக்கு ஓடிக்கொலோனிலை கரையும். மூப்பர் துடைக்கத் துடைக்கக் கரைஞ்சு வந்தது. அது இரத்தம் இல்லை. தரைக்குப் போடுற பொடியும் கொழும்புப் பொடியும். புண்ணிலை படக்கூடாது. உடனை கழுவவேணும்."

ஞானமலர் சிவந்த பஞ்சைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பிள்ளைக்குப் பாடம் சொல்லுகிற சிரிப்பு.

"ஃபாதரும் வந்து சொன்னவர்தான். பொடி எண்டாப் பொடியா இருக்கட்டுமே. ஆண்டவர் மண்ணையும் துப்பலையும் குழைச்சுக் குருடன்ரை கண்ணிலை பூசினவர். அவருக்குப் பொடியிலை செய்ய ஏலாதே?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "சரி, சிவப்பு உன்ரை பொடி. அந்தக் காயம்? இவற்றை காலிலை கிடக்கிற காயம், அச்சொட்டா அங்கை எப்பிடி வந்தது? அந்த வெடிப்பை ஆர் வைச்சது? சொல்லு பாப்பம்."

இதுதான் கடைசிப் படி. பொடியைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் அவள் வழிநெடுகத் தன்னைத் தேற்றிக்கொண்டு வந்தாள். பொடி கரைந்தது வேலையில் வந்த பிழை. பிழை எல்லாருக்கும் வரும். மற்றது பிழை அல்ல. அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அதை நினைக்கும்போதெல்லாம் காது சுட்டது.

"நான் வைச்சனான் மாமி."

"நீயோ? உனக்கு எப்பிடித் தெரியும்?"

"மாமான்ரை காலைப் பாத்து வைச்சனான்."

ஞானமலரின் சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்சநேரம் நின்றது. "எப்ப பாத்தனீ?" என்று கேட்டாள்.

"முருங்கையிலை கொண்டுவந்த அண்டைக்கு. எனக்குச் சிவப்பு வரேல்லை. அதுதான்..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "வெக்கமா இருக்கு மாமி. உங்களைத் தள்ளி இருக்கச் சொன்னதும் வெளிச்சத்துக்குத்தான்."

ஞானமலர் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அண்டைக்கு நீ என்னைப் பாக்க வரேல்லை," என்றார் சூசைப்பிள்ளையர்.

அவர் கேள்வியாகக் கேட்கவில்லை. கோபமும் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"நீ போனாப் பிறகு இவளிட்டைச் சொன்னனான்," என்றார். "என்ரை சொந்தத் தம்பி படலையிலை நிண்டு கதைச்சிட்டுப் போறான். மகள் கொழும்பிலையிருந்து வந்து, மூக்கைப் பொத்தினபடி அழுதிட்டுப் போறாள். இந்தப் பிள்ளை ஆரோ எவரோ. முகம் சுழிக்காமல் காலடியிலை இருந்து, நோகுதோ மாமா, நோகுதோ மாமா எண்டு கேட்டது. அண்டைக்கு எனக்குக் காலை எடுத்தாலும் பரவாயில்லை எண்டு கிடந்தது. மனிசராலை என்னை இன்னும் பாக்க ஏலும் எண்டு நினைச்சன்."

ஜெயரூபினி வாய் திறந்தாள். உங்களையும் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லலாம். பாதியாவது உண்மை என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு அவர் என்ன மறுமொழி சொன்னார் என்று இப்போது யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. நோகுது என்றாரா, இல்லை என்றாரா? அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"ஞானமலர்," என்றார் அவர். "ஓட்டோக்காரப் பெடியனுக்குப் போன் எடு. திங்கக்கிழமை வரச் சொல்லு."

ஞானமலர் போனைத் தேடினாள். மேசையில் கிடந்த போன் அவளுடைய கண்ணுக்குத் தெரியவில்லை. ஜெயரூபினி எடுத்துக் கொடுத்தாள். அவள் வாங்கினாள், முகத்தைப் பார்க்காமல். போன் பேசி முடித்ததும் மெழுகுதிரியை ஊதி அணைத்தாள். குசினிக்குள் போய்ச் சுடுதண்ணீர்ச் சட்டியோடும் உப்போடும் பஞ்சோடும் வந்தாள். இப்போது அவள் அழவில்லை. என்றைக்கும்போல வேலை பழகிய கையோடு கட்டிலின் கால்மாட்டில் குந்தினாள்.

"நான் சட்டியைப் பிடிக்கிறன் மாமி," என்றாள் ஜெயரூபினி. "பொடி ஆழத்துக்குப் போயிருக்கும். எங்கை எங்கை பட்டிருக்கும் எண்டு எனக்குத்தான்..." சொல்ல வந்ததை முடிக்காமல் விட்டாள். சட்டியை மட்டும் இரண்டு கையாலும் பிடித்தாள். அதையாவது செய்ய விடுவார்கள் என்று நினைத்தாள். வவுனியாவுக்கும் கூடப் போகலாம், ஆஸ்பத்திரியில் நிற்கலாம், எவ்வளவு நாளானாலும் நிற்கலாம் என்று நினைத்தாள்.

ஞானமலர் கட்டின் முடிச்சில் விரலை வைத்தாள்.

"பொறு," என்றார் சூசைப்பிள்ளையர். குனிந்து, உடுத்திருந்த சாரத்தை இழுத்து, வலது காலை முழுதாக மூடினார். "இந்தப் பிள்ளை போகட்டும். பிறகு அவிழ்."